ஊர்வீட்டு அம்மா

பேட்ஜ் வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமை ஆட்டத்தன்றுதான் அதைக் குத்திக்கொள்ள வேண்டும். ஆர்லீன் ஷ்வின்டுக்கு அதுவரை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே ஸ்வெட்டரில் குத்திக்கொண்டு விவசாயிகள் கூட்டுறவுக் கடைக்குப் போனாள். டிராக்டர் உதிரிபாகக் கவுன்ட்டருக்குப் பின்னால், ஒன்றும் நடக்காததுபோல முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றாள்.

பேட்ஜ் காபி சாஸர் அளவு இருந்தது. அதிலிருந்த படத்தில் கல்லூரிக் கூடைப்பந்துப் பையன் டேரியன் கோல்வின் கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். மோவாயில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு பெல்ட் வாங்க வந்த ரோலண்ட், பெல்ட்டை விட்டுவிட்டு அதையே பார்த்தான்.

"யாரு ஆர்லீன் இது? புது மாப்பிள்ளையா?"

"ஆமா. உன்ன விடப் பல்லு கூட இருக்கு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பல் இல்லாத ரோலண்டும் சிரித்தான். ஆர்லீன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அன்று கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நேராக நெஞ்சைத் திருப்பிக்கொண்டுதான் பேசினாள்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் எங்கள் ஓரத்தில் பிரேடி ஃபோர்க் என்று ஓர் ஊர் இருப்பதே பலருக்குத் தெரியாது. அதில் ஒரு கல்லூரி இருப்பது அதைவிடக் குறைவான பேருக்குத்தான் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், கால்நடைச் சந்தைத் திடலை ஒட்டி, தாழ்வான நாலு கட்டடம். மாவட்டத்து வரிப்பணத்தில் ஓடும் இரண்டு வருஷக் கல்லூரி. எங்கள் பிள்ளைகள் அங்கே வெல்டிங்கும் நர்சிங்கும் படித்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கூடைப்பந்து ஆடும் பையன்கள் மட்டும் எங்கெங்கிருந்தோ வருவார்கள். மதிப்பெண் போதவில்லை, உயரம் போதவில்லை என்று பெரிய கல்லூரிகள் கழித்துவிட்ட பையன்கள். இரண்டு வருஷம் இங்கே ஆடித் தங்களை நிரூபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். தங்குவதற்கென்று யாரும் இங்கே வருவதில்லை. எங்கள் ஊரில் கறுப்புப் பையன்களைப் பார்க்க வேண்டுமானால் கல்லூரி ஜிம்முக்குத்தான் போகவேண்டும். இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் வெட்கம்தான், ஆனாலும் அதுதான் நிஜம்.

அப்படி வருகிற பையனுக்கெல்லாம் ஊரில் ஒரு வீட்டை ஒதுக்கிக் கொடுப்போம். பையன்கள் அதை ஊர்வீடு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, பிறந்தநாள் கேக், பனி கொட்டி விடுதியில் ஹீட்டர் நின்றால் படுக்க ஒரு சோபா, இவ்வளவுதான் ஊர்வீட்டின் கடமை. சீசனில் ஊரில் ஆடும் கடைசி ஆட்டத்தன்று, இரண்டாம் வருஷத்துப் பையன்கள் ஒவ்வொருவரும் அம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு களத்தின் நடுவட்டம் வரை நடப்பார்கள். அம்மாக்கள் நெஞ்சில் பையன் முகம் போட்ட பேட்ஜ் இருக்கும், கையில் ஒரு மஞ்சள் ரோஜா கொடுப்பார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மெர்ல் மைக்கில் பேர் சொல்லுவார், ஜிம் முழுக்க எழுந்து நின்று கைதட்டும். பெற்றவர்கள் வர முடியாத பையனோடு ஊர்வீட்டுக்காரர்கள் நடப்பார்கள்.

அந்த நடுவட்டம் வரை டேரியனோடு நடப்பது ஒன்றைத் தவிர, அந்தக் குளிர்காலத்தில் ஆர்லீனுக்கு வேறு ஆசையே கிடையாது.

கணவன் டுவெய்ன் இறந்துபோய் நாலு வருஷம் ஆகியிருந்தது. மாடு ஏற்றிப் போகும் லாரி ஓட்டியவன். ஒரே மகள் ஃபீனிக்ஸில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, நாயை நடக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் அம்மாவையும் கூப்பிட்டுப் பேசிவிடுவாள். நாய் வீடு திரும்பியதும் பேச்சு முடிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் ஆர்லீன் டிவியில் பேசுகிறவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பையனை எடுத்துக்கொள்ளேன் என்று பக்கத்து வீட்டு நீவாதான் நச்சரித்து அவள் பேரைக் கொடுத்தாள்.

டேரியன் முதல் ஞாயிறு வந்தபோது வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தான். ஆர்லீன் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் சின்னமன் ரோல் ஒன்றை வைத்தாள். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மிஸ் ஆர்லீன், இது இனிப்புல்ல? கடைசிலதானே சாப்பிடணும்?"

"சில்லில தொட்டுச் சாப்பிடுடா."

"தொட்டா?"

"தொட்டு."

"செயின்ட் லூயிஸ்ல இப்படி யாராவது பண்ணா போலீஸ் வந்துடும்."

தொட்டான், தின்றான். பிறகு நாலு ரோல் தின்றான். அடுத்த மாதமே டுவெய்னின் சாய்வு நாற்காலியில் கால் நீட்டித் தூங்கும் அளவுக்கு வந்துவிட்டான். அவன் கால்கள் பாதத்தாங்கியைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். ஆர்லீன் ஒரு போர்வையை எடுத்துப் பாதங்களை மட்டும் மூடிவிடுவாள். மாவு பிசையக்கூட அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். பேட்ஜில் இருந்த படம் அப்போது எடுத்ததுதான்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அம்மாவுக்கு லீவு கிடைக்காதாம். முதியோர் இல்லத்துல ஆளே இல்லியாம். நீங்க நடக்கறீங்களா, மிஸ் ஆர்லீன்?"

"என் முட்டி இருக்கற லட்சணத்துக்கு நான் நடுவட்டம் போய்ச் சேரறதுக்குள்ள உங்க ஆட்டமே முடிஞ்சிடும்டா."

"நான் பிடிச்சுக்கறேன்."

ஆர்லீன் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

மறுநாளே மெர்லைத் தேடிப் போய், மைக்கில் என்ன சொல்லவேண்டும் என்று அட்டையில் எழுத வைத்தாள். டேரியன் கோல்வின், செயின்ட் லூயிஸ், உடன் வருபவர் அவனுடைய ஊர்வீட்டு அம்மா ஆர்லீன் ஷ்வின்ட். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னாள். மெர்ல் படித்தார். இன்னொரு தடவை என்றாள்.

"போதும் ஆர்லீன். நீ என்ன கவர்னர் பதவியா ஏத்துக்கப் போற?"

சனிக்கிழமை மதியம் ஜிம்மில் பாப்கார்ன் வாசனையும் நனைந்த கோட்டு வாசனையும் கலந்து கிடந்தன. பெண்கள் ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அது முடிந்ததும் இந்த நடை, பிறகு ஆண்கள் ஆட்டம். ஆர்லீன் முட்டிக்குப் பட்டை கட்டி, நல்ல சிவப்பு ஸ்வெட்டர் போட்டு, பேட்ஜை நேராக்கி நேராக்கிக் குத்தியிருந்தாள். பயிற்சி உடையோடு டேரியன் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி அவளிடம் ஓடிவந்தான்.

"மிஸ் ஆர்லீன், அம்மா வந்துட்டாங்க! யாருகிட்டயோ ஷிஃப்ட்ட மாத்திட்டு ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்திருக்காங்க. எங்கிட்ட சொல்லவே இல்ல. அதோ பாருங்க, கதவு பக்கம்."

அவ்வளவு சந்தோஷமாக அவனை அவள் பார்த்ததே இல்லை. களத்தில்கூட. கதவுப் பக்கம் கடைசி வரிசையில் ஒரு கறுப்புப் பெண் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகுதான் டேரியனின் கண் பேட்ஜில் விழுந்தது. அவன் முகம் மாறியது.

"நீங்களும் வாங்க. மூணு பேரா நடக்கலாம். ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம்."

"போடா. நான் போட்டோ எடுக்கணும். நடந்துகிட்டே எப்பிடி எடுக்கறது?"

"நெஜமாவா?"

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நடக்க எனக்கென்ன தலையெழுத்து. போ, வாம் அப் பண்ணு, கோச் முறைக்கறார்."

அவன் போனான். பாதி வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஆர்லீன் கையை ஆட்டி விரட்டினாள்.

அவளுக்கு வலித்தது. அந்தப் பெண்ணின் கார் வழியில் எங்காவது நின்று போயிருக்கக்கூடாதா என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்தது நிஜம், அதை மறைப்பதற்கில்லை. இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் சமைத்தது யார், பனியில் விடுதி வரை காரை ஓட்டிப்போய் அவனைக் கூட்டி வந்தது யார் என்றெல்லாம் மனசுக்குள் ஒரு வழக்கு நடந்தது. வழக்கில் அவளே ஜெயித்தாள். ஜெயித்து ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்போதுதான் மெர்லின் அட்டை ஞாபகம் வந்தது. அட்டையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வாசிக்கிற மனுஷன் மெர்ல். ஒரு தடவை அட்டை மாறி, பெண்டாட்டி எழுதிக் கொடுத்த மளிகைப் பட்டியலை வெங்காயம் வரைக்கும் மைக்கில் வாசித்தவர். பெற்றவள் பையன் கையைப் பிடித்து நடக்கும்போது ஜிம் முழுக்க ஆர்லீன் ஷ்வின்ட் என்று முழங்கும். சும்மா இருந்தாலே போதும், அது தானாக நடந்துவிடும்.

ஆர்லீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, களத்தைச் சுற்றி மெர்லின் மேசைக்குப் போனாள்.

"மெர்ல், கோல்வின் அட்டையில என் பேர அடிச்சிடு. அவங்க அம்மா வந்திருக்காங்க."

மெர்ல் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கிண்டல் ஏதோ வாய் வரை வந்து திரும்பிப் போனது. பேனாவை எடுத்து அடித்தார்.

"சரி, அவங்க பேரு?"

ஆர்லீன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கோல்வின்தானே? மிசஸ் கோல்வினா? முன்பேரு சொல்லு."

"தெரியல," என்றாள் ஆர்லீன்.

உங்க அம்மா எப்படி இருக்காங்க, உங்க அம்மாவுக்கு இது பிடிக்குமா, உங்க அம்மாகிட்ட சொன்னியா, இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவனுக்குப் பிடித்த சாப்பாடு தெரியும், அவன் ஷூ அளவு தெரியும், எந்த முட்டியில் பழைய அடி என்பது தெரியும். அவனைப் பெற்றவளுக்குப் பேர் என்று ஒன்று இருக்கும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

"சீக்கிரம் கேட்டுட்டு வா. பொண்ணுங்க ஆட்டம் முடியப்போவுது," என்றார் மெர்ல்.

கதவு வரை போவதற்குள் ஆர்லீனின் முட்டி எரிந்தது. கிட்டே போனால் அந்தப் பெண் அவளைவிட இருபது வயது சின்னவள். கோட்டுக்குள் முதியோர் இல்லத்து நீலச் சீருடை. வேலை முடிந்த கையோடு காரில் ஏறியிருக்கிறாள். மற்ற அம்மாக்கள் எல்லாரும் முடி அலங்காரமும் பேட்ஜுமாக வரிசையில் நிற்க, இவள் மட்டும் பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தாள். ஆர்லீனைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"நீங்க மிஸ் ஆர்லீன்தானே. நானே வரணும்னு இருந்தேன், கால் வரல. முட்டி எப்பிடி இருக்கு இப்போ? ஊசி போட்டும் கேக்கலன்னு சொன்னான்."

"இருக்கு," என்றாள் ஆர்லீன்.

"டுவெய்ன் சார் நாற்காலில அவன் ஷூ போட்டுட்டுக் கால வெக்கறது இல்லியே? நான் ஃபோன்ல ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவேன்."

"இல்ல. கழட்டிடுவான்." பிறகு, தள்ளிப்போட முடியாமல் கேட்டாள். "மைக்ல சொல்லணும். உங்க பேரு?"

அந்தப் பெண் அவளை ஒரு கணம் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஆர்லீனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வெர்னெட்டா. வெர்னெட்டா பிளெட்சோ. கோல்வின் அவனோட அப்பா பேரு. அவன் சொல்லலையா?"

"நான் கேக்கல," என்றாள் ஆர்லீன்.

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு ஃபீனிக்ஸ் ஞாபகம் வந்தது. போன கிறிஸ்துமஸ், மகளின் மாமியார் வீடு. மேசையைச் சுற்றி இருபது பேர். அந்த மாமியார் ஆர்லீனின் மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு எங்க பொண்ணு, எங்க பொண்ணு என்று எல்லாரிடமும் காட்டினாள். ஆர்லீனைக் காட்டி, இவங்க நெப்ராஸ்கால இருந்து வந்திருக்காங்க என்றாள். நெப்ராஸ்காவிலிருந்து என்ன, உருளைக்கிழங்கா வந்திருக்கிறது என்று ஆர்லீன் வழியெல்லாம் விமானத்தில் புழுங்கிக்கொண்டே திரும்பினாள். அதையேதான் தானும் செய்திருக்கிறோம் என்று இப்போது பட்டது. இத்தனைக்கும் அந்த மாமியாராவது ஊர் பேரைச் சொன்னாள்.

அவள் பேட்ஜைக் கழற்றினாள். ஊக்கு ஸ்வெட்டர் நூலில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. வெர்னெட்டாதான் குனிந்து, நோயாளிகளின் சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பழகிய கையால் மெதுவாக விடுவித்தாள்.

"இத நீங்க போட்டுக்கணும். எல்லா அம்மாவும் போட்டிருக்காங்க."

வெர்னெட்டா பேட்ஜை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்க எடுத்தது இது?"

"என் அடுப்படில. மாவு பிசைஞ்சுட்டிருந்தான்."

"இப்பிடி அவன் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உங்க நம்பர் ரெண்டு வருஷமா எங்க ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. உங்க பக்கம் பனின்னு நியூஸ்ல வந்தா எடுத்துப் பாப்பேன். கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா என் பொறாமை குரல்ல தெரிஞ்சிடுமோன்னு பயம்."

ஆர்லீன் பேட்ஜை வாங்கி, நீலச் சீருடையில் நேராகக் குத்திவிட்டாள். கோட்டைக் கழற்றிடுங்க, நான் வெச்சிருக்கேன் என்று மட்டும் சொன்னாள்.

மணி அடித்தது. ஆர்லீன் நொண்டிக்கொண்டு மேசைக்குப் போய் மெர்லிடம் பேரைச் சொன்னாள், எழுதியதைப் படிக்கச் சொன்னாள். மெர்ல் முணுமுணுக்காமல் படித்தார். இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவையும் படித்தார்.

வெர்னெட்டா பிளெட்சோ என்று ஜிம் முழுக்க முழங்கியபோது, டேரியன் அம்மாவின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு நடந்து வந்தான். அவள் அவன் தோள்பட்டைக்குக்கூட எட்டவில்லை. நடுவட்டத்தில் ரோஜாவை வாங்கியதும் அவள் குனிந்து அழுதாள், அவன் அவள் தலையின் மேல் மோவாயை வைத்துக்கொண்டான். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ஆர்லீன் மடியில் இன்னொருத்தியின் கோட்டை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தாள். ஒன்றும் தெளிவாக விழவில்லை.

ஆட்டத்தில் எங்கள் பையன்கள் ஜெயித்தார்கள். டேரியன் நன்றாக ஆடினான் என்று எல்லாரும் சொன்னார்கள். வெளியே மெல்லிய பனி விழ ஆரம்பித்திருந்தது. வெர்னெட்டாவுக்கு ஞாயிறு மாலை ஷிஃப்ட், உடனே கிளம்பவேண்டும். டேரியன் தோள்பையோடு வந்தான்.

"மிஸ் ஆர்லீன், நானும் அம்மா கூடப் போறேன். தனியா விட்டா ரோட்லயே தூங்கிடுவாங்க. திங்கக்கிழமை பஸ்ல வந்துடறேன். கோச் சரின்னுட்டார்." பிறகு தயங்கினான். "நாளைக்கு ஞாயிறு."

"ஞாயிறு எங்கயும் ஓடிப்போகாதுடா. அடுத்த வாரமும் வரும்."

வரும். மே மாதம் வரைக்கும் வரும். அப்புறம் அவன் ஜார்ஜியாவில் ஒரு பெரிய கல்லூரிக்குப் போய்விடுவான், அதுவும் முடிவாகியிருந்தது. ஆர்லீன் தன் காரிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து, கிளம்பத் தயாராகக் காரில் உட்கார்ந்திருந்த வெர்னெட்டாவின் மடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று காலையில் சுட்ட ரோல்கள், அத்தனையும்.

"சில்லில தொட்டுச் சாப்பிடணுமாமே," என்றாள் வெர்னெட்டா.

"ஆமா."

"அத மட்டும் நான் பண்ண மாட்டேன்."

ஆர்லீனுக்குச் சிரிப்பு வந்தது. கார் சந்தைத் திடலைத் தாண்டித் திரும்பும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகவில்லை. நீவா கேட்டதற்கு முட்டி என்றாள். அடுப்பில் வழக்கம்போல, அவனை இரண்டு ஆளாகக் கணக்குப் போட்டு, மூன்று பேருக்கான சில்லி இருந்தது. ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. மகளாக இருக்காது, நாய் இந்நேரம் நடக்காது.

"ஆர்லீனா? வந்து சேந்துட்டோம். வழியில அயோவால கொஞ்சம் பனி, மத்தபடி ஒண்ணுமில்ல. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

டுவெய்ன் எந்த ஊரில் மாடு இறக்கினாலும் கூப்பிட்டு வந்து சேர்ந்தேன் என்பான். அவன் போனபிறகு யாரும் அவளிடம் அப்படிச் சொல்லியதில்லை. ஆர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரொம்ப நல்லது, வெர்னெட்டா," என்றாள். அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. நாக்குக்குப் புதிதாக இருந்தது. "அவன் என்ன பண்றான்?"

"சோபால தூங்கறான். கால் ரெண்டும் வெளிய தொங்குது."

"பாதத்துல போர்வைய," என்று ஆரம்பித்த ஆர்லீன், சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"போத்திட்டேன், ஆர்லீன்," என்றாள் வெர்னெட்டா. "அவனுக்குச் சின்ன வயசுலேந்தே பாதம்தான் குளிரும்."

"ஆமா. உங்களுக்குத் தெரியாததா."

தொலைபேசியை வைத்தபிறகு ஆர்லீன் எதிரே இருந்த டுவெய்னின் நாற்காலியையும் அதன் கைப்பிடியில் மடித்துக் கிடந்த போர்வையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சில்லி ஆறிப்போயிருந்தது. தொட்டுக்கொள்ள ரோல் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அப்படியே சாப்பிட்டாள்.